குன்றிமணி விஷமும் சில எலிகளும்... 'ஆன்டிபாடி'க்குப் பெயர் வைத்த பால் எர்லிக்கின் கதை!

குன்றிமணியைப் பார்த்திருப்பீங்க. செக்கச்செவேல்னு ஒரு விதை, அதன் மேல் ஒரு கறுப்புப் பொட்டு. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் தங்கத்தை எடை போட்டதும் அதை வைத்துத்தான். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும் அந்த விதைக்குள் 'ஆப்ரின்' என்ற கொடிய விஷம் இருக்கிறது. விதையை உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

1891-ல் ஜெர்மனியின் பெர்லின் நகரத்தில் ஒரு டாக்டர், இதே ஆப்ரினையும் ஆமணக்கு விதையில் இருக்கும் 'ரிசின்' விஷத்தையும் எலிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொல்வதற்காக அல்ல. விஷத்தைத் தாங்கிக்கொள்ள ஓர் உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது என்று பார்ப்பதற்காக. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் பேசிப் பேசிச் சலித்த 'ஆன்டிபாடி' என்ற சொல், அந்த எலிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில்தான் வருகிறது. அவர் பெயர் பால் எர்லிக்.

உங்க ரத்தத்துக்குள் இந்த நிமிஷமும் நடந்துகொண்டிருக்கும் ஒரு சண்டையின் கதை இது. அந்தச் சண்டையை முதலில் கற்பனை செய்து பார்த்தவர்களில் ஒருவரின் கதையும்கூட.

விரலெல்லாம் சாயம்

எர்லிக் பிறந்தது 1854 மார்ச் 14. அப்போது பிரஷ்யாவில் இருந்த ஸ்ட்ரெலென் என்ற சின்ன ஊர். இன்றைக்கு அது போலந்து நாட்டில் இருக்கிறது. யூதக் குடும்பம். அம்மாவின் உறவினரான கார்ல் வைகெர்ட் இவரைவிட 9 வயதுதான் மூத்தவர். உடல் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காகச் சாயம் ஏற்றும் கலையில் அவர் கெட்டிக்காரர். சிறுவன் பாலுக்கு அந்தச் சாயப் பைத்தியம் அங்கேதான் தொற்றிக்கொண்டது.

அது செயற்கைச் சாயங்களின் காலம். நிலக்கரித் தாரிலிருந்து விதவிதமான நிறங்களை ஜெர்மன் கம்பெனிகள் தயாரித்துத் துணி ஆலைகளுக்கு விற்றுக்கொண்டிருந்தன. எர்லிக் அந்தச் சாயங்களை வாங்கித் திசுக்களின் மேல் ஊற்றிப் பார்த்தார். ஒரு சாயம் ஒருவகை செல்லில் மட்டும் ஒட்டுகிறது, பக்கத்தில் இருக்கும் செல்லைத் தொடக்கூட இல்லை. ஏன்?

இந்த 'ஏன்'தான் அவருடைய வாழ்க்கை முழுவதையும் ஓட்டியது. 1878-ல் லைப்ஸிக்கில் டாக்டர் பட்டம் வாங்கியதும் சாயங்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான். அலர்ஜி வந்தால் நமக்குத் தும்மலும் அரிப்பும் கிளப்பிவிடும் 'மாஸ்ட் செல்' இருக்கிறதே, அதை அடையாளம் கண்டு பெயர் வைத்தவர் இவர்தான். அப்போது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

ஒரு சொற்பொழிவு, ஓர் அடுப்பு

1882 மார்ச் 24. காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். அந்த அரங்கில் எர்லிக் இருந்தார். காக்கின் முறையில் அந்தக் கிருமிக்குச் சாயம் ஏற்ற ரொம்ப நேரம் பிடித்தது. எர்லிக் நேராகத் தன் ஆய்வகத்துக்குப் போய் வேலையை ஆரம்பித்தார்.

கண்ணாடித் தகடுகளை அணைந்து கிடந்த அடுப்பின் மேல் காயவைத்துவிட்டுப் போனார், மறுநாள் யாரோ தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்க, அந்தச் சூட்டில் கிருமிகள் பளிச்சென்று நிறமேறித் தெரிந்தன என்று ஒரு கதை உண்டு. அடுப்பு எப்படியோ, முறை நிஜம். சாயம் ஏறிய பிறகு அமிலம் ஊற்றினாலும் காசநோய்க் கிருமி நிறத்தை விடாது என்பதைக் கண்டுபிடித்தவர் எர்லிக். ஜீல், நீல்சன் என்ற இருவர் பிறகு அந்த முறையை மேலும் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை செய்யும்போது, அடிப்படையில் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறார்கள்.

இதில் ஒரு சோகமும் உண்டு. 1888 வாக்கில் எர்லிக் தன் சளியையே பரிசோதித்துப் பார்த்தபோது, அதில் அதே காசநோய்க் கிருமி தெரிந்தது! மருந்தே இல்லாத காலம். மனைவி ஹெட்விக்குடன் வெயிலைத் தேடி எகிப்துக்குப் போனார். அதிர்ஷ்டம் இருந்தது. 1889-ல் உடம்பு தேறி பெர்லினுக்குத் திரும்பினார். ஆனால் கையில் வேலை இல்லை. சொந்தமாக ஒரு சின்ன ஆய்வகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எலி விளையாட்டு அங்கேதான் ஆரம்பம்.

எலிகளுக்கு விஷ விருந்து

எர்லிக் செய்தது ரொம்ப எளிமையான விஷயம். முதல் நாள், எலியைக் கொல்லாத அளவுக்குத் துளியூண்டு ரிசினைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பார். சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டுவார். பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில், சாதாரண எலியைப் பலமுறை கொன்றுவிடக்கூடிய அளவு விஷத்தைக் கொடுத்தாலும், பழகிய எலி ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்துதான் ட்விஸ்ட். ரிசினுக்குப் பழகிய எலிக்கு ஆப்ரினைக் கொடுத்தார். செத்துப்போனது. ஆப்ரினுக்குப் பழகிய எலிக்கு ரிசின் கொடுத்தாலும் அதே கதை. அப்படியென்றால், எலியின் உடம்பு பொதுவாக 'ஸ்ட்ராங்' ஆகவில்லை. ஒரு குறிப்பிட்ட விஷத்துக்கு எதிராக மட்டும் ஒரு குறிப்பிட்ட பொருளை அதன் ரத்தம் தயாரித்திருக்கிறது. ஆமணக்குப் பூட்டுக்கு ஒரு சாவி, குன்றிமணிப் பூட்டுக்கு வேறு சாவி.

அதோடு விடவில்லை அவர். விஷத்துக்குப் பழகிய தாய் எலியின் குட்டிகளுக்கும் பாதுகாப்பு இருந்தது. அப்பா எலி மட்டும் பழகியிருந்தால் குட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனவே இது பரம்பரைச் சொத்து இல்லை. பிறகு குட்டிகளை இடம் மாற்றிவிட்டார். சாதாரணத் தாய்க்குப் பிறந்த குட்டிகளை, பழகிய தாயிடம் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளும் விஷத்தைத் தாங்கின! பாதுகாப்பு பால் வழியாகப் போயிருக்கிறது.

மனிதர்களில் கணக்கு கொஞ்சம் வேறு. பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ஆன்டிபாடிகள் குழந்தைக்குப் போய்விடுகின்றன. தாய்ப்பாலில் வருபவை குழந்தையின் குடலைக் காவல் காக்கின்றன. அம்மா கொடுத்த இந்தக் கையிருப்பு சில மாதங்களில் தீர்ந்துவிடும். தடுப்பூசி அட்டவணை பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தை தன் சொந்த ஆன்டிபாடிகளைத் தயாரிக்கப் பழக வேண்டும் இல்லையா?

குழந்தைகளின் மூச்சை அடைத்த நோய்

அந்தக் காலத்தில் பெற்றோர்களை நடுங்கவைத்த நோய் டிப்தீரியா. நம்மூரில் தொண்டை அடைப்பான் என்பார்கள். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வளர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி கக்கும் விஷம் இதயம் வரை போய்த் தாக்கும். ஐரோப்பாவில் வருடா வருடம் ஆயிரக்கணக்கான குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1890-ன் கடைசியில், காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த எமில் பேரிங்கும் ஜப்பானைச் சேர்ந்த கிட்டசாட்டோவும் ஒரு பெரிய விஷயத்தைச் சொன்னார்கள். டிப்தீரியா அல்லது டெட்டனஸ் விஷத்துக்குப் பழகிய விலங்கின் சீரத்தை எடுத்து இன்னொரு விலங்குக்குப் போட்டால், அதற்கும் பாதுகாப்பு கிடைக்கிறது. சீரம் என்பது, ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீர். அதில்தான் ஆன்டிபாடிகள் மிதக்கின்றன.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்தபோது சிக்கல் வந்தது. ஒரு பாட்டில் சீரம் வேலை செய்தது, அடுத்த பாட்டில் செய்யவில்லை. ஒவ்வொரு விலங்கின் சீரத்திலும் ஒவ்வொரு அளவு ஆன்டிபாடி. எவ்வளவு போட்டால் குழந்தை பிழைக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. உங்க வீட்டுக் குழந்தைக்கு அந்த நிலைமை என்றால் யோசிச்சுப் பாருங்க.

இந்த இடத்தில்தான் எலிகளோடு பழகிய எர்லிக் வந்தார். எந்த விகிதத்தில் விஷத்தை ஏற்றினால் விலங்கு அதிக ஆன்டிபாடி தயாரிக்கும் என்று அவருக்குத் தெரியும். சீரத்தின் வீரியத்தை அளந்து சொல்ல ஒரு வழியையும் உருவாக்கினார். விஷம் நாளாக ஆக வீரியம் குறையும் என்பதால், அதை அளவுகோலாக வைக்க முடியாது. எனவே உலரவைத்து, காற்றில்லாத குழாயில் அடைத்துப் பாதுகாத்த ஒரு சீரத்தையே அளவுகோலாக வைத்தார். மற்ற எல்லா சீரமும் அதோடு ஒப்பிட்டு, இத்தனை 'யூனிட்' என்று குறிக்கப்பட்டது. மருந்துப் பாட்டிலில் இன்றைக்கு நாம் சாதாரணமாகப் பார்க்கும் 'யூனிட்' கணக்குக்கு இது ஒரு முன்னோடி.

1894-ல் ஹோக்ஸ்ட் கம்பெனி அந்த சீரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழந்தைகள் பிழைத்தார்கள். பணமும் கொட்டியது. ஆனால், லாபத்தில் எர்லிக்குக்கு இருந்த பங்கு அவர் கையைவிட்டுப் போனது. அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைமைப் பதவி கிடைக்கும் என்ற பேச்சில் அதை அவர் விட்டுக்கொடுத்தார். பதவி வந்தது. பேரிங்குடன் இருந்த நட்பு கசந்துபோனது. 1901-ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, அதில் பேரிங் பெயர் மட்டும்தான் இருந்தது.

எர்லிக்குக்குக் கிடைத்த நிறுவனம் எப்படிப்பட்டது தெரியுமா? பெர்லினை ஒட்டிய ஸ்டெக்லிட்ஸில் ஒரு பழைய பேக்கரிக் கட்டடம். பக்கத்தில் ஒரு தொழுவம். அங்கே உட்கார்ந்துதான் 1897-ல் சீரத்தை அளக்கும் முறையை முழுமையாக எழுதி வெளியிட்டார்.

அளந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. பழசாகிப் போன டிப்தீரியா விஷம் கொல்லும் சக்தியை இழந்துவிட்டது. ஆனால் ஆன்டிபாடியோடு ஒட்டும் சக்தியை மட்டும் இழக்கவில்லை. பல் போன பாம்பு மாதிரி. இதற்கு 'டாக்ஸாய்டு' என்று பெயர் வைத்தார். இதைக் கவனிச்சுக்கோங்க. கைக்குழந்தையாக இருந்தபோது உங்களுக்குப் போட்ட முத்தடுப்பு ஊசியிலும், இன்று குழந்தைகளுக்கு 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியிலும் டிப்தீரியாவுக்கு எதிராக இருப்பது இப்படி விஷம் நீக்கப்பட்ட டாக்ஸாய்டுதான். ஆபத்தில்லாத ஒன்றைக் காட்டி, ஆபத்தான ஒன்றை அடையாளம் காண உடம்புக்குப் பயிற்சி கொடுப்பது.

செல்லில் முளைத்த கைகள்

சரி, உடம்பு எப்படி இந்த ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது? மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாத அளவுக்குச் சின்னப் பொருள் அது. எர்லிக் கற்பனையில்தான் பார்த்தார்.

சாயம் ஏன் ஒரு செல்லில் மட்டும் ஒட்டுகிறது என்ற பழைய கேள்வி இங்கே கைகொடுத்தது. செல்லின் மேற்பரப்பில் குட்டிக் குட்டிக் கைகள் மாதிரி அமைப்புகள் இருக்கும் என்றார் அவர். சாப்பாட்டைப் பிடிப்பதற்கான கைகள். தற்செயலாக ஒரு விஷம் அந்தக் கையில் கச்சிதமாகப் பொருந்திவிட்டால், கை வீணாகிவிடும். செல் அதே மாதிரி புதிய கைகளை முளைக்கவைக்கும். ஒன்று போனதற்கு ஒன்று என்று கணக்காக இல்லாமல், அளவுக்கு மீறி. இடம் போதாமல் அவை உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும். மிதக்கும் அந்தக் கைகள்தான் ஆன்டிபாடி. விஷம் செல்லைத் தொடும் முன்பே அவை அதைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த 'பக்கச் சங்கிலிக் கொள்கை'யை 1900-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் படங்களோடு விளக்கினார். கண்ணால் பார்க்காததைப் படம் போட்டுக் காட்டுகிறாரே என்று பலர் சிரித்தார்கள்.

இன்றைக்கு நமக்கு என்ன தெரியும்? ரத்தத்தில் 'பி செல்' என்ற வெள்ளையணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பி செல்லின் மேற்பரப்பிலும் ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவத்தில் ஆன்டிபாடிகள் துருத்திக்கொண்டிருக்கும். பொருத்தமான கிருமி வந்து ஒட்டினால், அந்த பி செல் பல மடங்காகப் பெருகும். அதில் ஒரு பகுதி ஆன்டிபாடித் தொழிற்சாலையாகவே மாறி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் அவற்றை ரத்தத்தில் கொட்டும். இன்னொரு பகுதி, நினைவைச் சுமந்துகொண்டு பல வருடம் காத்திருக்கும். எர்லிக் வரைந்த கைகள் நிஜமாகவே இருக்கின்றன!

ஒரு இடத்தில் மட்டும் அவர் கணக்கு தப்பியது. ஒரே செல்லில் பலவகைக் கைகள் இருக்கும் என்று நினைத்தார். உண்மையில் ஒரு பி செல்லுக்கு ஒரே வகைக் கைதான். கிருமி வந்து பொருத்தமான செல்லைத் தேர்ந்தெடுத்துப் பெருகவைக்கிறது என்ற விளக்கத்தை 1957-ல் ஆஸ்திரேலியாவின் பர்னெட் கொடுத்தார்.

இது அந்த 'காம்ப்ளிமென்ட்' இல்லை!

ஆன்டிபாடி கிருமியைப் பிடித்துவிட்டது. அப்புறம்? பிடித்தால் போதுமா, யார் கொல்வது?

இந்தக் கேள்விக்கு முதல் பதில் பாரிஸிலிருந்து வந்தது. பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த பெல்ஜியம் நாட்டு இளைஞர் ஜூல்ஸ் போர்டே. 1895-ல் அவருக்கு 25 வயது. காலராக் கிருமிக்குப் பழகிய விலங்கின் சீரம் அந்தக் கிருமியைக் கொன்றது. அதே சீரத்தை 55 டிகிரிக்குச் சூடாக்கினார். கொல்லும் சக்தி போய்விட்டது. இப்போது, காலராவையே பார்க்காத ஒரு சாதாரண விலங்கின் புதிய சீரத்தை அதில் கொஞ்சம் சேர்த்தார். தனியாக அந்தப் புதிய சீரத்தால் கிருமியைக் கொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்ததும் கொல்லும் சக்தி திரும்பி வந்துவிட்டது!

அப்படியானால் சீரத்தில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் சூட்டைத் தாங்கும் ஆன்டிபாடி. குறிப்பிட்ட கிருமிக்கென்றே தயாரானவர். இன்னொருவர் சூட்டில் கெட்டுப்போகிறவர். எல்லோருடைய ரத்தத்திலும் பிறவியிலிருந்தே இருப்பவர். முதல் ஆள் அடையாளம் காட்ட, இரண்டாவது ஆள் வேலையை முடிக்கிறார்.

1899-ல் எர்லிக்கும் அவருடைய சகா மோர்கென்ரோத்தும் அந்த இரண்டாவது ஆளுக்கு 'காம்ப்ளிமென்ட்' என்று பெயர் வைத்தார்கள். டிரஸ் நல்லா இருக்குனு யாராவது சொன்னால் வருமே, அந்த காம்ப்ளிமென்ட் இல்லை. குறையை நிரப்பி முழுமையாக்குவது என்று அர்த்தம்.

பெயர் வைத்த பிறகும் சண்டை ஓயவில்லை. காம்ப்ளிமென்ட் ஒன்றே ஒன்றுதான் என்றார் போர்டே. இல்லை, பல இருக்கின்றன என்றார் எர்லிக். வருடக்கணக்கில் இரண்டு தரப்பும் மாறி மாறிக் கட்டுரை எழுதிக்கொண்டன. யார் ஜெயித்தது? காம்ப்ளிமென்ட் என்பது 30-க்கும் மேற்பட்ட புரதங்களின் கூட்டம். அந்த வகையில் 'பல' என்று சொன்ன எர்லிக் சரி. ஆனால், எந்த ஆன்டிபாடி கூப்பிட்டாலும் அதே கூட்டம்தான் வருகிறது. அந்த வகையில் போர்டேயும் சரி.

அது வேலை செய்யும் விதம் இப்படி. காம்ப்ளிமென்ட் புரதங்களில் பெரும்பாலானவை உங்க கல்லீரலில் தயாராகி, ரத்தத்தில் தூங்கிக்கொண்டு சுற்றுகின்றன. கிருமியின் மேல் ஆன்டிபாடி ஒட்டியதும் 'சி1' என்ற புரதம் அதன் மேல் வந்து உட்காரும். அது விழித்து அடுத்த புரதத்தை வெட்டும். அது அதற்கடுத்ததை வெட்டும். பட்டாசுச் சரத்தில் ஒரு வெடி அடுத்த வெடியைப் பற்றவைக்குமே, அந்த மாதிரி. இதில் முக்கியமான வெடி 'சி3'. அது உடைந்ததும் மூன்று வேலைகள் நடக்கும்.

ஒன்று, உடைந்த துண்டுகள் கிருமியின் மேல் அப்பிக்கொள்ளும். விழுங்கும் செல்களுக்கு அவை 'இதைச் சாப்பிடு' என்ற முத்திரை. இரண்டு, சரத்திலிருந்து தெறிக்கும் சின்னத் துண்டுகள் மற்ற வெள்ளையணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும். அடிபட்ட இடம் சிவந்து வீங்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. மூன்று, சரத்தின் கடைசிப் புரதங்கள் ஒன்றுகூடி, கிருமியின் மேலுறையில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புகுந்து கிருமி உப்பி வெடிக்கும்.

ஆன்டிபாடி வந்துதான் சரத்தைப் பற்றவைக்க வேண்டும் என்றில்லை. கிருமியின் மேலிருக்கும் சர்க்கரைகளை அடையாளம் கண்டும், நேரடியாக அதன் மேற்பரப்பில் பட்டும்கூட காம்ப்ளிமென்ட் கிளம்பும். புதிதாக ஒரு கிருமி வந்தால் ஆன்டிபாடி தயாராக நாள்கணக்கில் ஆகும். அதுவரை சமாளிப்பவர்களில் காம்ப்ளிமென்ட்டும் ஒன்று.

இதே நேரத்தில் இன்னொரு பெரிய சண்டையும் நடந்துகொண்டிருந்தது. உடம்பைக் காப்பது விழுங்கும் செல்கள்தான் என்றார் ரஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப். சீரத்தில் இருக்கும் பொருள்கள்தான் என்றது ஜெர்மன் அணி. 1908-ல் நோபல் கமிட்டி பரிசை எர்லிக்குக்கும் மெட்ச்னிகாஃபுக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தது. இப்போது பார்த்தால் அது எவ்வளவு பொருத்தம்! காம்ப்ளிமென்ட் முத்திரை குத்துகிறது, செல் விழுங்குகிறது. இரண்டு பேர் சொன்னதும் ஒரே கதையின் இரண்டு பாதி.

உடம்பு தன்னைத்தானே தாக்குமா?

எர்லிக்கும் மோர்கென்ரோத்தும் ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஆட்டின் ரத்தத்தை இன்னோர் ஆட்டுக்கு ஏற்றினால், அந்த ரத்த அணுக்களை உடைக்கும் ஆன்டிபாடிகள் உருவாயின. ஆனால் எந்த ஆடும் தன் சொந்த ரத்த அணுக்களை உடைக்கவில்லை. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்வதைத் தவிர்க்க ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று எர்லிக் எழுதினார். தன்னைத்தானே விஷமாக்கிக்கொள்ள உடம்பு அஞ்சுகிறது என்ற பொருளில் அதற்கு ஒரு லத்தீன் பெயரும் வைத்தார்.

ரத்தம் ஏற்றும்போது குரூப்பைச் சரிபார்க்க இத்தனை கெடுபிடி ஏன் என்பது இங்கே புரியும். தப்பான குரூப் ரத்தம் போனால், ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்ட்டும் சேர்ந்து அந்த அணுக்களை ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைத்துவிடும். உயிரே போகலாம்.

எர்லிக் சொன்ன ஏற்பாடு நிஜம்தான். ஆனால் அது தவறவே தவறாது என்று மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. 1904-லேயே, குளிர் பட்டால் சொந்த ரத்த அணுக்களையே உடைத்துக்கொள்ளும் ஒரு நோயை டோனத்தும் லாண்ட்ஸ்டெய்னரும் விளக்கிக் காட்டினார்கள். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எர்லிக்கின் பெயருக்கு இருந்த எடையும் அதற்கு ஒரு காரணம். லூபஸ், முடக்குவாதம், டைப் 1 சர்க்கரை நோய் போன்ற 'ஆட்டோஇம்யூன்' நோய்களைப் பற்றிப் பரவலாகப் பேச ஆரம்பிக்கவே இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் சோதித்துப் பார்க்கணும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

606-ம் ஆயிரம் வசவுகளும்

1899-ல் எர்லிக் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக்கு மாறியிருந்தார். அங்கே அவர் ஒரு கேரக்டர்! நாளைக்கு 25 சுருட்டு. சுருட்டுப் பெட்டி எப்போதும் அக்குளில். திடீரென்று யோசனை வந்தால், கலர் பென்சிலால் சட்டைக் கையிலும் தரையிலும்கூட எழுதுவார். மறந்துபோகாமல் இருக்க, தனக்குத்தானே போஸ்ட் கார்டு போட்டுக்கொள்வார். துப்பறியும் கதைகள் என்றால் உயிர்.

ஆன்டிபாடி அவருக்கு ஓர் ஆசையை விதைத்திருந்தது. கிருமியை மட்டும் தேடிப் பிடித்து, உடம்பை விட்டுவிடும் ஒன்றை ரத்தம் தானே தயாரிக்கிறது. அதே மாதிரி ஒரு ரசாயனத்தை நாம் தயாரிக்க முடியாதா? 'மாயத் தோட்டா' என்று உலகம் இன்று சொல்லும் யோசனை இதுதான்.

அப்போது சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஐரோப்பாவை ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தது. பாதரசம்தான் வைத்தியம். அந்த வைத்தியமே பாதி ஆளைக் கொன்றுவிடும். எர்லிக்கின் குழு ஆர்சனிக் கலந்த நூற்றுக்கணக்கான ரசாயனங்களைத் தயாரித்துச் சோதித்தது. 606-வது ரசாயனம் தேறாது என்று முன்பே ஓரங்கட்டப்பட்டிருந்தது. 1909-ல் ஜப்பானிலிருந்து வந்த ஹாட்டா பொறுமையாக மறுபடியும் முயல்களில் சோதித்தார். நோய் குணமானது! 1910-ல் 'சால்வர்சான்' என்ற பெயரில் அது வெளிவந்தது. அதற்கு முன்பே சுமார் 65,000 டோஸ்களை டாக்டர்களுக்கு இலவசமாக அனுப்பி, முடிவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார் எர்லிக்.

புகழோடு வசவும் வந்தது. ஊசியைச் சரியாகக் கலக்கத் தெரியாத இடங்களில் பக்கவிளைவுகள். சில மரணங்கள். பாவத்துக்குக் கிடைத்த தண்டனையை மருந்து கொடுத்துத் தீர்ப்பதா என்று ஒரு கூட்டம். அவர் யூதர் என்பதற்காகவே திட்டிய இன்னொரு கூட்டம். 1914-ல் விஷயம் நீதிமன்றம் வரை போய், அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அவதூறு பரப்பிய பத்திரிகையாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் எர்லிக்கின் உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அந்த வருடக் கடைசியில் பக்கவாதம். 1915 ஆகஸ்ட் 20 அன்று, 61 வயதில் இறந்தார்.

அழித்தும் அழியாத பெயர்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், ஃபிராங்ஃபர்ட்டில் எர்லிக் பெயரில் இருந்த தெருவின் பெயரை மாற்றினார்கள். யூதர் ஒருவர் ஜெர்மனியின் பெருமையாக இருக்கக் கூடாது அல்லவா! மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டே வெளியேறி, 1948-ல் அமெரிக்காவில் இறந்தார்.

போர் முடிந்த பிறகு பெயர் திரும்பி வந்தது. யூரோ வருவதற்கு முன் ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் இருந்தது எர்லிக்கின் முகம். ஸ்டெக்லிட்ஸ் பேக்கரியில் ஆரம்பித்த அந்த நிறுவனம்தான் இன்றைய பால் எர்லிக் இன்ஸ்டிட்யூட். ஜெர்மனியில் தடுப்பூசிகளைச் சரிபார்க்கும் அரசு அமைப்பு அது. 2020 ஏப்ரலில் பயோஎன்டெக்கின் கொரோனா தடுப்பூசியை மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கொடுத்ததும் அதுதான்.

காம்ப்ளிமென்ட் கதையும் நிற்கவில்லை. தேவையில்லாமல் வெடிக்கும் அந்தப் பட்டாசுச் சரத்தை நடுவில் நிறுத்தும் 'எக்குலிசுமாப்' என்ற மருந்துக்கு 2007-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. காம்ப்ளிமென்ட் தன் சொந்த ரத்த அணுக்களையே உடைக்கும் ஓர் அரிய நோய்க்கு அது தரப்படுகிறது. சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த மருந்தே ஓர் ஆன்டிபாடிதான். எர்லிக் பெயர் வைத்த ஒன்றைக் கட்டுப்படுத்த, அவர் பெயர் வைத்த இன்னொன்று!

நம்மூரிலும் இந்தக் கதையின் தொடர்ச்சி இருக்கிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளிலிருந்து விஷம் எடுக்கிறது. அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடியைப் பிரித்து எடுப்பதுதான் பாம்புக்கடி மருந்து. அன்று எலி, இன்று குதிரை. வழி அதேதான்.

அடுத்த முறை பாம்புக்கடியோ, வெறிநாய்க்கடியோ, துருப்பிடித்த ஆணி குத்தியதோ, எதுவாக இருந்தாலும் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் உட்காராதீங்க. நேராக மருத்துவமனைக்குப் போங்க. உங்க உடம்பு ஆன்டிபாடி தயாரிக்க நாள் பிடிக்கும், விஷம் அதுவரை காத்திருக்காது. ஏற்கெனவே தயாரான ஆன்டிபாடியையும், தேவையான தடுப்பூசியையும் அளந்து உங்களுக்குப் போட அங்கே ஆள் இருக்கிறார்கள். அப்படி அளந்து போட வழி செய்தவர்களில் ஒருவர், சுருட்டும் கையுமாகத் தரையில் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதர்.

அப்புறம், 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. ஊசி ஒன்று உண்டு. டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்கும் சேர்த்து. வீட்டில் தம்பி, தங்கை இருந்தால், போட்டாச்சானு இன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுடுங்க!